வந்த வழியே திரும்ப

போன மார்கழியில் ஒரு மாலை பெருங்களத்தூரில் அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பொங்கலுக்கு நான்கு பேர் திருநெல்வேலி போகவேண்டும். கிளாம்பாக்கத்தில் ஏறுவதாகப் பேச்சு. மாமாவுக்கு முட்டிவலி, அதனால் கீழ் பெர்த் கட்டாயம். அத்தை ஒரு பேருந்து முன்பதிவுச் செயலியில் அரைமணி நேரம் தேடி, கீழே இரண்டு, மேலே இரண்டு என்று பிடித்து, நான்கு பேரின் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டி முடித்தார். கடைசித் திரையில் தள்ளுபடிக் கூப்பன்கள் பக்கவாட்டில் வரிசையாக நின்றன. அடுத்த கூப்பனைப் பார்க்கத் திரையின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து இழுத்தார். கூப்பன் நகரவில்லை, திரையே போய்விட்டது. தட்டிய பெயர்கள் எதுவும் இல்லை. பேருந்துப் பட்டியல் மட்டும் நின்றது. பதறிப்போய் அதே பேருந்தை மறுபடி திறந்தார். அவர் பிடித்த நான்கு பெர்த்தும் சாம்பல் நிறத்தில் கிடந்தன.

"ஏண்டா தம்பி, கண்ணுமுன்னால யாரோ எடுத்துட்டாங்க பாரேன்."

எடுத்தது வேறு யாரும் இல்லை. பணம் கட்டும்வரை அந்த இடங்களை அவருக்கென்று சர்வர் பிடித்து வைத்திருந்தது. திரை பின்னால் போனபோது, பிடித்ததை விடச் சொல்லி சர்வருக்குத் தகவல் போகவில்லை. சுமார் பத்து நிமிடம் கழித்து அவை தானாகவே விடுபட்டன. அதற்குள் அத்தை மாமாவிடம், "மேல் பெர்த்துல ஏற முடியுமா உங்களால?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

செயலி எழுதுவதை வேலையாகக் கொண்டவன் நான். அன்று முதல் இந்த ஒரு பட்டனைப் பற்றிய யோசனை என்னை விடவில்லை. பேக் என்று அழுத்தினால் எங்கே போகவேண்டும்? அதை முடிவு செய்வது போனா, செயலியா, அழுத்துகிற ஆளா? போகும்போது நாம் தட்டியது என்ன ஆகும்? 30 ஆண்டுகளாக இந்த மூன்று கேள்விகளுக்கும் பலர் பதில் தேடியிருக்கிறார்கள். அவற்றில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்க்கவேண்டும்.

தாம்பரத்தைச் சுற்றிய எங்கள் பகுதிக்குச் செயலியில் டிக்கெட் எடுப்பது அன்றாட விஷயம். எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே புறநகர் ரயிலுக்குக் காகிதமில்லாத டிக்கெட்டைக் கைப்பேசியில் எடுக்கும் வசதி 2015 ஏப்ரலில் வந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறந்தது. வெளியூர்ப் பேருந்துக்கு வீட்டிலிருந்தே இடம் பிடித்துக்கொண்டு கிளம்புவது அதன்பின் இன்னும் கூடியது. 2025 ஜூலை 1 அன்று ரயில்வே தன் சேவைகளை ரயில்ஒன் என்ற ஒரே செயலிக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் சேர்த்துச் சென்னை ஒன் வந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து பல்லாவரம் வரை ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்புவதே ஒரு திரையில்தான் தொடங்குகிறது. அந்தத் திரையை அவர் நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலால் இயக்குகிறார். இப்படிப்பட்ட செயலிகளை உருவாக்குகிறவர்களும் இங்கேதான் இருக்கிறோம். தாம்பரம் மெப்ஸ் வளாகத்திலும், கூடுவாஞ்சேரி பக்கம் ஜி.எஸ்.டி. சாலையோரத்துச் சோஹோ வளாகத்திலும் எத்தனையோ பேர் திரைக்குப் பின் திரையாகக் கோத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேக் பட்டன் போனுக்கு முன்பே வலை உலாவியில் பிறந்தது. 1995இல் கேட்லெட்ஜ், பிட்கோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மக்கள் உலாவியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பதிவு செய்து பார்த்தார்கள். பக்கம் மாறிய செயல்களில் 41 சதவீதம் பேக் பட்டனால் நடந்தவை. இணைப்பைத் தொட்டுப் போனது 52 சதவீதம். இரண்டே ஆண்டில் டாஷர், கிரீன்பெர்க் இருவரின் ஆய்வு வந்தது. ஒருவர் திறக்கும் பக்கங்களில் 58 சதவீதம் அவர் ஏற்கெனவே பார்த்த பக்கங்கள்தான் என்றது அது. புதிய இடத்துக்குப் போவதைவிடப் போன இடத்துக்குத் திரும்புவதே அதிகம். வடிவமைக்க உட்காரும்போது நாம் முன்னோக்கிப் போகும் வழியை மட்டும் வரைகிறோம் என்பதால், இந்தக் கணக்கை ஒவ்வொரு செயலிக் குழுவும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

1996இல் காக்பர்ன், ஜோன்ஸ் இருவரும் கண்டது இதைவிட முக்கியமானது. பேக் பட்டன் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதைப் பயன்படுத்துகிறவர்கள் தவறாகவே புரிந்துவைத்திருந்தார்கள். பார்த்த பக்கமெல்லாம் பார்த்த வரிசையில் எங்கோ இருக்கிறது என்று நினைத்தார்கள். உண்மையில் அது ஓர் அடுக்கு, கடைசியாக வைத்ததே முதலில் எடுபடும். மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் வண்டி இங்கே வட்டமடித்துத் திரும்புவதில்லை. ஓட்டுநர் இறங்கி, நடைமேடையில் வண்டியின் நீளம் முழுக்க நடந்து மறுமுனை அறையில் ஏறுகிறார். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று வந்த நிலையங்களே தலைகீழ் வரிசையில் வருகின்றன. 1931இல் இந்தப் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து மாறாத காட்சி இது. பேக் என்பதும் அப்படித்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நீங்கள் தாம்பரத்தில் ஏறிக் கிண்டிவரை போய், பரங்கிமலைக்குத் திரும்பி, அங்கே இறங்கி மெட்ரோவில் ஏறினால், அடுக்கின் கணக்கில் நீங்கள் கிண்டி போகவே இல்லை. திரும்பியபோதே கிண்டி எடுபட்டுவிட்டது. அதன் இடத்தில் மெட்ரோ வந்து உட்கார்ந்துவிட்டது. "இப்பத்தானே பாத்தேன், எங்க போச்சு?" என்று நாம் திரையில் தேடும் பொருள்களில் பெரும்பாலானவை இப்படி எடுபட்ட கிண்டிகள்.

கைப்பேசிக்கு வந்தபோது வழி இரண்டாகப் பிரிந்தது. 2007இல் வந்த ஐபோனில் முகப்புக்குப் போக ஒரே ஒரு பட்டன்தான். திரும்புவதைச் செயலியே பார்த்துக்கொள்ளவேண்டும். திரையின் இடது மேல் மூலையில் ஒரு அம்புக்குறி. அடுத்த ஆண்டு வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் பேக்குக்கென்று தனிப் பட்டனே இருந்தது. அது எந்தச் செயலிக்கும் சொந்தமில்லை, போனுக்குச் சொந்தம். ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலும் அதே பட்டன் திரும்ப அழைத்துவரும். ஐபோனில் இடது ஓரத்திலிருந்து இழுத்துத் திரும்பும் பழக்கம் 2013இலும், முந்தைய செயலிக்குத் திரும்பும் சின்ன இணைப்பு 2015இலும் வந்து சேர்ந்தன. ஆண்ட்ராய்டு கற்றவர் ஐபோன் வாங்கினால் முதல் வாரம் "பேக் எங்க இருக்கு?" என்று கேட்பதன் காரணம் இந்தப் பிரிவுதான். என் மதிப்பீட்டில் ஆண்ட்ராய்டின் முடிவே சரி. முதன்முதலாகப் போன் கற்கும் வயதானவர் எல்லாச் செயலியிலும் ஒரே இடத்தில் எதிர்பார்ப்பது அந்த ஒன்றைத்தான். எங்கே மாட்டிக்கொண்டாலும் வெளியே வர ஒரு வழி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவர் அடுத்த பட்டனைத் தொடுகிறார்.

அந்தத் தெளிவை ஆண்ட்ராய்டே கொஞ்சம் கலைத்தது. 2011இல் திரையின் மேலே இன்னொரு அம்பும் வந்தது. அதன் பெயர் அப். கீழே இருக்கும் பேக் நீங்கள் வந்த வரிசையில் திரும்பும். மேலே இருக்கும் அப், செயலியின் படிநிலையில் ஒரு படி மேலே ஏறும். வடிவமைப்பாளர்களுக்கு இது தர்க்கமாகத் தெரிந்தது. ஒரே இடப்பக்கம் பார்க்கும் இரண்டு அம்புகள் வெவ்வேறு இடத்துக்குப் போவதை மக்கள் ஏற்கவில்லை. கூகுள் பின்னாளில் வகுத்த நெறிமுறை இதைச் சீர்செய்தது. செயலிக்குள் இருக்கும்வரை இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யவேண்டும். மேல் அம்பு மட்டும் ஒருபோதும் செயலியை விட்டு வெளியே கொண்டுபோகாது. ஒவ்வொரு செயலிக்கும் மாறாத ஒரு தொடக்கத் திரை வேண்டும், கடைசியாக வெளியேறுவது அதன் வழியாகத்தான்.

அந்த நெறிமுறையில் இன்னொரு விதி உண்டு. அறிவிப்பைத் தொட்டு ஒருவர் நேராக நடுத் திரையில் இறங்கினால், அவர் முகப்பிலிருந்து படிப்படியாக வந்ததுபோல ஓர் அடுக்கைச் செயலி கட்டிக்கொடுக்கவேண்டும். அறிவிப்புக்கு இது பொருந்தும். அதே நியாயத்தை வாட்ஸ்அப் இணைப்புக்கும் நீட்டுகிற செயலிகளைத்தான் நான் எதிர்க்கிறேன். அக்கா அனுப்பிய இணைப்பைத் தொட்டு ஒரு பொருளைப் பார்த்தவர் பேக் அழுத்தினால் அக்காவின் அரட்டைக்கே திரும்பவேண்டும். அவரைக் கடையின் முகப்புக்கும் சலுகைப் பக்கத்துக்கும் இழுத்துக்கொண்டு போவது, வழி கேட்க வந்தவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவதற்குச் சமம். சில இணையதளங்கள் பேக்கை அழுத்தினால் விளம்பரப் பக்கத்தைக் காட்ட, வரலாற்றுப் பட்டியலில் போலிப் பக்கங்களைச் சொருகுகின்றன. நாம் தொடாமலே சொருகப்பட்டவற்றைத் தாண்டிப்போகும் ஏற்பாட்டைக் குரோம் செய்துவிட்டது. செயலிகளுக்கும் அந்தக் கண்டிப்பு வரவேண்டும்.

2019இல் ஆண்ட்ராய்டு 10 பட்டனே இல்லாத முறையைக் கொண்டுவந்தது. இடது, வலது எந்த ஓரத்திலிருந்து உள்நோக்கி இழுத்தாலும் பேக். பெரிய திரைகளில் விரல் எட்டாத குறை தீர்ந்தது உண்மை. ஆனால் ஓரத்திலிருந்து இழுக்கும் வேலைகள் ஏற்கெனவே பல இருந்தன. பக்கவாட்டில் திறக்கும் மெனு, படங்களின் வரிசை, அத்தையின் கூப்பன்கள் எல்லாம் அதில் அடக்கம். இந்த இடத்தில் பேக் வேண்டாம் என்று செயலி கேட்டுக்கொள்ள வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு ஓரத்திலும் 200 டிபி (திரையை அளக்கும் அலகு) உயரத்துக்குமேல் கேட்க முடியாது. செயலி முழு ஓரத்தையும் எடுத்துக்கொண்டால் மனிதர் உள்ளே சிக்கிவிடுவார் என்பதால் வைத்த எல்லை அது, நல்ல எல்லை. குறை செயலிகளிடம்தான். பக்கவாட்டு வரிசையை ஓரத்தை ஒட்டியே தொடங்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்கினாலே பாதி விபத்து நடக்காது. அன்றிரவே அத்தையின் போனில் அமைப்புகளுக்குப் போய் மூன்று பட்டன் முறைக்கு மாற்றிக்கொடுத்தேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பலருக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது.

விரலை எடுக்குமுன்பே எங்கே போகப்போகிறோம் என்று காட்டினால் என்ன என்ற கேள்விக்கு வந்த பதில், முன்கூட்டியே காட்டும் பேக். 2022இல் ஆண்ட்ராய்டு 13 அதற்கு அடித்தளம் போட்டது. விரலை மெல்ல இழுத்தால் இப்போதைய திரை சுருங்கி, பின்னால் இருக்கும் திரை எட்டிப் பார்க்கும். வேண்டாமென்றால் விரலைத் திரும்பக் கொண்டுபோய்விடலாம். இதற்கு ஒப்புக்கொண்ட செயலிகளில் ஆண்ட்ராய்டு 15 இதைத் தானாகவே காட்டியது. 2025இல் வந்த ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காக வைத்து எழுதும் செயலிகளுக்கு இதுவே இயல்பு. வெளியில் இது அலங்காரம்போலத் தெரியும். உள்ளே நடந்த மாற்றம் பெரிது. முன்பெல்லாம் பேக் அழுத்திய பிறகுதான் செயலி யோசிக்கும்: வெளியே விடலாமா, தடுக்கலாமா, வேறெங்காவது அனுப்பலாமா? இப்போது பேக்கைத் தான் கையாளப் போகிறதா இல்லையா என்பதை முன்பே சொல்லி வைக்கவேண்டும். பழைய வழியில் எழுதிய நிரல் அங்கே அழைக்கப்படுவதே இல்லை. செயலி கட்டும் கருவியான ஃப்ளட்டரும் இதே காரணத்துக்காக 2023இல் தன் பழைய வில்பாப்ஸ்கோப்பைக் கைவிட்டு பாப்ஸ்கோப்புக்கு மாறியது. பழைய செயலிகளை மாற்றி எழுதுவது தலைவலிதான், எனக்கும் ஒரு மாதம் போயிற்று. ஆனாலும் இதை முழுமனதோடு வரவேற்கிறேன்.

இதெல்லாம் திரை மாறுவது பற்றி. பணம் வரும்போது பிரச்சினை வேறு ஆழத்துக்குப் போகிறது.

பணம் கட்டும் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி ஓடும்: தயவுசெய்து பேக் பட்டனை அழுத்தவோ பக்கத்தைப் புதுப்பிக்கவோ வேண்டாம். அந்த வரியை நான் நிரல் எழுதுகிறவர்களின் வாக்குமூலமாகவே படிக்கிறேன். அழுத்தினால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கே நிச்சயமில்லை, அதனால் பொறுப்பை அழுத்துகிறவர்மேல் வைக்கிறார்கள். வலையில் இதன் பாதிக்குத் தீர்வு பழையது. படிவத்தை அனுப்பியவுடன் பதிலை அந்த முகவரியிலேயே காட்டாமல் வேறொரு முகவரிக்கு மாற்றிவிட்டால், பேக்கோ புதுப்பித்தலோ அதே படிவத்தை இரண்டாம் முறை அனுப்பாது. 2004 வாக்கிலேயே இது விரிவாக எழுதப்பட்டுவிட்டது. மறுபாதிக்குத் தீர்வு சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் பணம் கட்டுமுன்பே ஓர் எண்ணைக் கொடுத்துவிடவேண்டும். அதே எண்ணோடு இரண்டாம் முறை கோரிக்கை வந்தால் புதிதாகப் பணம் எடுக்காமல் முதல் முறையின் நிலையைச் சொல்லவேண்டும். எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே டிக்கெட்தான் என்று சர்வர் உறுதி தந்துவிட்டால் சிவப்பு வரிக்கு வேலையில்லை.

2016இல் யுபிஐ வந்தபின் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. டிக்கெட் செயலி நம்மை யுபிஐ செயலிக்கு அனுப்புகிறது. அங்கே பின் எண் போட்டுவிட்டுத் திரும்பவேண்டும். வண்டி நடைமேடைக்குள் நுழைந்துகொண்டிருக்கும், சிக்னல் சுற்றிக்கொண்டிருக்கும், பொறுமையில்லாமல் பேக் அழுத்துகிறோம். டிக்கெட் செயலிக்குக் கிடைப்பது வெறும் "திரும்பி வந்தார்" என்ற செய்தி. பல செயலிகள் இதைத் தோல்வி என்று எழுதிவிடுகின்றன. பணமோ வங்கியில் நகர்ந்திருக்கும். சரியான வழி, திரும்பி வந்த செய்தியை நம்பாமல் ஆர்டர் எண்ணை வைத்துச் சர்வரிடம் கேட்பது. வெற்றி, தோல்வி தவிர "இன்னும் தெரியவில்லை" என்ற மூன்றாம் நிலைக்கும் ஒரு திரை வேண்டும். அந்தத் திரையில் மறுபடி பணம் கட்டும் பட்டனைப் பெரிதாக வைப்பது அநியாயம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு வைத்தது. கணக்கில் கழிந்த யுபிஐ பணம் வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்த உறுதி வரவில்லையென்றால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாளுக்குள் தானாகத் திரும்பவேண்டும்; தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்த 5 நாள் எதைக் குறிக்கிறது என்று செயலியே அந்தத் திரையில் ஒரு வரி எழுதினால் எத்தனை பேரின் வயிற்றெரிச்சல் அடங்கும்!

யுபிஐக்குப் போய் வருவதற்குள் இன்னொன்றும் நடக்கும். நினைவகம் குறைவான போனில், பின்னால் போன செயலியை ஆண்ட்ராய்டு இடம் வேண்டி மூடிவிடும். நிலையைச் சேமித்து வைக்காத செயலி, திரும்பி வந்தால் முகப்பிலிருந்து தொடங்கும். அடுக்கும் போச்சு, தட்டியதும் போச்சு. அலுவலகத்தில் புது போனில் சோதிப்பவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை. பின்னால் போகும் திரையை உடனே அழித்துவிடும்படி டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு உங்கள் செயலியில் ஒரு டிக்கெட் எடுத்துப் பாருங்கள். மூன்று நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

தட்டியதைக் காப்பது பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. வெளியேறுமுன் "நிச்சயமாகத் திரும்பவேண்டுமா?" என்று கேட்கலாம் என்பது ஒன்று. கேட்காமல் விட்டு, தட்டியதை வரைவாக வைத்திருந்து, மறுபடி வரும்போது கொடுக்கலாம் என்பது மற்றொன்று. நான் இரண்டாவது பக்கம். அடிக்கடி கேட்கப்படும் கேள்வியைப் படிக்காமலே "ஆம்" அழுத்தப் பழகிவிடுகிறோம். 2023இல் வந்த டபிள்யூகாக் 2.2 அணுகல் நெறிமுறையும் ஒருவர் ஒரே வேலைக்குள் ஒருமுறை கொடுத்த தகவலை மறுபடி தட்டச்சொல்லக் கூடாது என்றே சொல்கிறது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் டாக்பேக்கில் பேக் என்பது விரலைக் கீழே இழுத்து அப்படியே இடப்பக்கம் திருப்புவது. திரை எங்கே போனது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவருக்கு, போன இடத்தின் பெயரைச் செயலி சொல்லவேண்டும். எண்ணிமச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னபின் இதைச் சலுகை என்று யாரும் பேச முடியாது.

சின்னச் சின்ன விஷயங்கள் சிலவும் உண்டு. கீழே வரிசையாக இருக்கும் தாவல்கள் ஒவ்வொன்றும் தன் அடுக்கைத் தானே நினைவில் வைக்கவேண்டும். ஐபோனில் இந்தப் பழக்கம் முதலிலிருந்தே உண்டு, ஆண்ட்ராய்டின் நேவிகேஷன் நூலகத்துக்கு 2022இல்தான் வந்தது. உள்நுழைந்தபின் பேக் அழுத்தினால் ஓடிபி திரை திரும்ப வரக் கூடாது. "வெளியேற மறுபடி அழுத்தவும்" என்ற அறிவிப்பு, ஆண்ட்ராய்டு 12க்குப் பிறகு பெரும்பாலும் தேவையில்லை. முகப்பில் பேக் அழுத்தினால் செயலி அழிவதில்லை, ஒதுங்கி நிற்கிறது.

எங்கள் பகுதிப் பள்ளிகள், சீட்டு நிறுவனங்கள், மெஸ்கள் எல்லாம் இப்போது செயலி வைத்திருக்கின்றன. பெரும்பாலும் அது இணையதளத்தையே வெப்வியூ என்ற ஓட்டுக்குள் வைத்தது. குறைந்த செலவில் ஆகிற வேலை, அதில் தவறில்லை. ஆனால் வெப்வியூவுக்குப் பின்னால் பக்கம் இருக்கிறதா என்று கேட்டு அங்கே திருப்பும் சில வரிகளை எழுதாவிட்டால், ஐந்து பக்கம் உள்ளே போனவர் ஒரு பேக்கில் செயலியை விட்டே வெளியே விழுவார். பிள்ளையின் கட்டணம் கட்டப் போன தாய் மறுபடி முதலிலிருந்து வருவார். அந்தச் சில வரிகளை எழுத ஒரு மணி நேரம்கூட ஆகாது. செயலி செய்து வாங்குகிற பள்ளி நிர்வாகிகள், பணம் கொடுக்குமுன் தாங்களே ஒருமுறை உள்ளே போய்ப் பேக் அழுத்திப் பார்த்து வாங்கவேண்டும்.

இனி வரப்போவது இன்னும் கடினம். பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றும் ஒரே பயணமாகும்போது, முதல் கட்டத்துக்குப் பணம் போய், இரண்டாம் கட்டம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பேக் அழுத்தினால் எந்தத் திரை வரவேண்டும்? இதற்கு முடிந்த முடிவு என்று நூல்களில் இல்லை. என்னைக் கேட்டால் பணப் பக்கத்துக்குப் போகக் கூடாது, முகப்புக்கும் போகக் கூடாது. இரண்டு கட்டமும் அதனதன் நிலையோடு தெரிகிற பயணப் பக்கத்துக்குப் போகவேண்டும்.

போன வாரம் பெருங்களத்தூர் போயிருந்தேன். ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. நான்கு பெயர், நான்கு வயது, நான்கு ஆதார் எண், அத்தையின் குண்டு எழுத்தில். "அழிஞ்சு போச்சுன்னா மறுபடி தட்ட வசதியா இருக்கும்ல" என்றார்.